மேல்முறையீடும் மனச்சான்றும்

காலாண்டுத் தேர்வின் விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் என் மேசையைச் சுற்றி ஒரு சிறு வழக்குமன்றமே கூடிவிடும். "ஐயா, கூட்டலில் தவறு இருக்கிறது" என்று வருவான் ஒரு மாணவன். பார்ப்பேன். நான் 58 என்று போட்டிருக்கிறேன். கூட்டினால் 63 வருகிறது. திருத்திக் கொடுப்பேன். அவன் முகத்தில் மலர்ச்சி; என் முகத்தில் சிறிது வெட்கம். அவன் பின்னாலேயே இன்னொருவன் நிற்பான். அவனுக்கும் கூட்டலில் ஐயம். பார்ப்பேன், சரியாகவே இருக்கும். "மூன்றாம் வினாவுக்கு இன்னும் ஒரு மதிப்பெண் போடலாமே, ஐயா" என்பான். போட இயலாது என்றால், "அவசரமில்லை ஐயா, தாள் உங்களிடமே இருக்கட்டும், நாளைக்குப் பார்த்துச் சொல்லுங்கள்" என்பான். என்ன பெருந்தன்மை! பிறகுதான் எனக்கு விளங்கும். அந்தத் தாளில் தந்தையின் கையொப்பம் வாங்கி வரவேண்டும். தாள் என் மேசையில் கிடக்கும் வரையில் வீட்டில் அவன் முதுகு பிழைக்கும்!

இருவரும் ஒரே சொற்களோடுதான் வந்தனர். ஒருவன் என் பிழையைத் திருத்த வந்தான்; மற்றவன் தன் பிழையை ஒத்திவைக்க வந்தான். என்ன செய்வது? இரண்டு தாளையும் பார்த்துத்தான் ஆகவேண்டும். இரண்டாமவனை விரட்டத் தொடங்கினால் ஒருநாள் முதலாமவனையும் விரட்டிவிடுவேன்.

நிலத்துக்காகவும் நட்டஈட்டுக்காகவும் நடக்கும் வழக்குகளில் கீழ்மன்றத்திலிருந்து மேல்மன்றத்துக்கும் அங்கிருந்து அதற்கும் மேலே உள்ள மன்றத்துக்கும் ஏறிக்கொண்டே போகிறார்களே, அவர்களைப் பற்றி எண்ணும்போதெல்லாம் இந்த இரண்டு மாணவர்களும் என் கண்முன் வந்து நிற்கிறார்கள். தான் செய்தது தவறு என்று தெரிந்த ஒருவனுக்கு மேல்முறையீடு செய்ய உரிமை உண்டா? சட்டம் உண்டு என்கிறது. அறம் என்ன சொல்கிறது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மேல்முறையீட்டை இழித்துப் பேச இக்கட்டுரையை எழுதவில்லை. அந்த ஏற்பாட்டின் வேர் எங்கே இருக்கிறது? நீதிபதியும் மனிதன், மனிதன் பிழை செய்வான் என்ற ஒப்புதலில் இருக்கிறது! பகுத்தறிவாளன் இதைவிடப் பெரிதாக எதைக் கேட்டான்? தெய்வமே தீர்ப்பளிப்பதாக நம்பிய காலத்தில் மேல்முறையீடு என்ற பேச்சுக்கு இடமேது? தராசு, தீ, நீர், நஞ்சு, தெய்வத்தை நீராட்டிய நீர் என ஐந்து சோதனைகளை வகுத்து வைத்திருக்கிறது யாக்ஞவல்கியர் பெயரால் வழங்கும் ஸ்மிருதி. பழுக்கக் காய்ச்சிய இரும்பை ஏந்தி நடந்தவனின் கை வெந்ததா இல்லையா என்பதே அங்கு விசாரணை. வெந்தால் அவன் பொய்யன்! "இரும்பு தவறு செய்துவிட்டது; மறுபடி விசாரிக்கவேண்டும்" என்று அவன் யாரிடம் போய் முறையிடுவான்? பிழையே செய்யாதவர் தீர்ப்புக் கூறும் இடத்தில் முறையீட்டுக்கு வழி இல்லை. பிழை செய்யக்கூடியவன் தன் பிழையை ஒப்புக்கொள்ளும் இடத்தில்தான் அந்த வழி திறக்கிறது.

பெரியபுராணத்தில் ஒரு சிவில் வழக்கு வருகிறது. ஆம், சிவில் வழக்கேதான்! புத்தூரில் சுந்தரருக்குத் திருமணம் நடக்கவிருக்கிறது. முதியவர் ஒருவர் வந்து, "நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது" என்கிறார். இளைஞர் சினந்து ஓலையைப் பிடுங்கிக் கிழித்தெறிகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. கிழிந்தது படி, மூல ஓலை இதோ என்று முதியவர் எடுத்து நீட்ட, அவையோர் பாட்டன் கைப்பட எழுதிய வேறோர் ஓலையை வருவித்து, எழுத்தோடு எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து, அடிமைதான் என்று தீர்ப்புச் சொல்கின்றனர். பிறகு வாதி கோயிலுக்குள் சென்று மறைகிறார். வாதியே கடவுள்! இனி எந்த மன்றத்தில் முறையிடுவது? அந்தக் கதையில் அருளைக் காண்பவர் காணட்டும். என்னை உறுத்துவது வேறொன்று. எழுத்து உண்மையானதுதானா என்று அவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்த அவையில், பாட்டன் எழுதிய ஓலை பிறவாத பேரனைக் கட்டுமா என்று ஒருவராவது கேட்டாரா?

இந்தக் கேள்வி எனக்கு ஏட்டுக் கேள்வியன்று. என் பாட்டனாரும் எனக்கோர் ஓலை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

எனக்கு அண்ணன் கிடையாது என்று ஊரார் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். உண்டு! 1994-ஆம் ஆண்டில் பிறந்தவன். எனக்கு ஐந்தாண்டு மூத்தவன். எங்கள் வீட்டில் அவனுக்காகச் செலவிட்ட அளவுக்கு என் படிப்புக்கும் செலவிடவில்லை. என் தங்கையின் திருமணத்துக்கும் செலவிடவில்லை. அவனுக்காகக் கறவை மாடு இரண்டு போயின. அம்மாவின் வளையல் போயிற்று. அவனுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டுமே உண்டு. அசல் வழக்கு எண் இத்தனை, ஆண்டு 1994 என்பார்கள்.

கதை சிறியது. எங்கள் நிலத்துக்கும் பக்கத்து நிலத்துக்கும் நடுவே ஒரு வரப்பு. வரப்பின் முனையில் ஓர் அளவுக்கல். வரப்பு எங்கள் பக்கமிருந்து அடுத்தவர் பக்கமாக நகர்ந்தது என்பது அவர் குற்றச்சாட்டு. 14 சென்ட் நிலம். வரப்போடு சேர்ந்து வாய்க்காலும் அடைபட்டதால் அவருடைய இரண்டு போகம் கருகிப் போயிற்றாம். நிலம் தமது என்று விளம்பவேண்டும், அதை மீட்டுத் தரவேண்டும், கருகிய பயிருக்கு நட்டஈடாக 18,000 ரூபாய் தரவேண்டும் என்று முன்சீப் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார். மன்றம் ஓர் ஆணையரை அனுப்பியது; சர்வேயர் வந்து சங்கிலி பிடித்து அளந்தார். 2001-ல் தீர்ப்பு எங்களுக்கு எதிராக வந்தது. பாட்டனார் சப் கோர்ட்டுக்குப் போனார். அது நடந்துகொண்டிருக்கையிலேயே அவர் மறைந்தார். அவர் இடத்தில் தந்தையார் நின்றார். 2008-ல் அங்கும் தோல்வி. தந்தையார் இரண்டாம் மேல்முறையீடு செய்து இடைக்காலத் தடை பெற்றார். அந்தத் தடை இன்றும் உயிரோடிருக்கிறது. வழக்குத் தொடுத்தவர் உயிரோடில்லை. அவருடைய மனைவி, நான் பெரியம்மா என்றழைக்கும் அந்த மூதாட்டி, இப்போது எதிர்க்கட்சிக்காரர். 14 சென்ட்டிலும் நாங்கள்தாம் உழுகிறோம்.

இவ்வாண்டு தைத் திங்களில் என் தந்தையார் மறைந்தார். மூன்றாவது வாரம் வழக்கறிஞரிடமிருந்து கடிதம் வந்தது. 90 நாட்களுக்குள் இறந்தவரின் வாரிசுகளைச் சேர்க்காவிடில் மேல்முறையீடு அற்றுப்போகும். இத்துடன் உள்ள வக்காலத்தில் கையொப்பமிட்டு அனுப்பவும். நான் ஒரு பி.ஏ. ஓலையைக் கிழித்தெறிந்து சினந்து பேசும் துணிச்சல் எனக்கு வரவில்லை. மேசை அறைக்குள் வைத்துப் பூட்டினேன்.

பூட்டியதற்குக் காரணம் உண்டு. ஆறேழு ஆண்டுகளுக்கு முன், விடுமுறைக்கு வந்திருந்தபோது, தந்தையாரோடு வயலுக்குப் போயிருந்தேன். எதிர் நிலத்தில், எங்கள் வரப்புக்கு அப்பால் அல்ல, எங்கள் வரப்புக்கு இப்பால், நாங்கள் உழும் மண்ணில், ஒரு பூவரச மரத்தின் அடிக்கட்டை நின்றது. அதைப் பார்த்ததும் அவர் முகம் கனிந்தது. "சின்ன வயதில் இந்த மரத்தடியில்தான் விளையாடுவோம். இங்கே ஒரு கல் இருந்தது, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு மாடு மேய்ப்பேன்" என்றார். சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார். அதற்குப்பின் வீடு வந்து சேரும் வரை அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தக் கல் இப்போது அங்கே இல்லை. பதின்மூன்று பதினான்கு அடி தள்ளி நிற்கிறது.

இரண்டாம் மேல்முறையீட்டில் இந்தக் கல்லைப் பற்றி எவரும் கேட்கமாட்டார்கள். முதல் மேல்முறையீட்டில் உண்மையையும் சட்டத்தையும் இரண்டையும் ஆராயலாம். இரண்டாவதில், 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, குறிப்பிடத்தக்க சட்டப் பிரச்சினை இருந்தால் மட்டுமே இடம். கல் எங்கே இருந்தது என்பது சட்டப் பிரச்சினை அன்று. சான்றுச் சுருளில் எந்தத் தாளில் முத்திரை குறைவு, எந்த ஆவணத்தைக் கீழ்மன்றம் படிக்காமல் விட்டது என்பனவே அங்கே பேச்சு. அதில் குறை காண்பதற்கில்லை. உண்மையை எத்தனை முறைதான் கிண்டிக்கொண்டிருப்பது? ஆனால் விளைவைப் பாருங்கள். கல் எங்கே இருந்தது என்று இனிக் கேட்கக்கூடிய மன்றம் நாட்டில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. அது என் நெஞ்சுக்குள் இருக்கிறது.

மேல்முறையீட்டால் விளைந்த நன்மை எவ்வளவு பெரிது என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. சிவகங்கை ஜமீன்தார் கௌரி வல்லபத் தேவர் 1829-ல் ஆண் மகவின்றி மறைந்தார். தமையனாரின் மகன் வந்து ஜமீனைப் பிடித்துக்கொண்டார். பிரிவினையாகாத குடும்பம், ஆகவே ஆண்வழிப் பங்காளிக்கே சொத்து என்பது வாதம். விதவை அங்கமுத்து நாச்சியார் வழக்காடினார். முடிவைக் காணாமலே கண்மூடினார். மகள் காத்தம நாச்சியார் தொடர்ந்தார். சென்னையில் அன்றிருந்த சதர் நீதிமன்றம் அவரைக் கைவிட்டது. கடல் கடந்து லண்டனில் பிரிவி கவுன்சிலுக்குப் போனார். 1863-ல் அங்கே தீர்ப்பு மாறியது! குடும்பம் பிரியாததாகவே இருக்கட்டும். ஆனால் ஜமீன் கும்பெனியார் 1801-ல் அவருக்கென்றே புதிதாக வழங்கியது, அவர் தாமே பெற்ற சொத்து. அது மனைவிக்கும், அவருக்குப் பின் மகளுக்குமே போகும் என்றார்கள். பெண்ணுக்குச் சொத்தா என்று நகைத்த காலத்தில், 34 ஆண்டு காத்திருந்து ஒரு பெண் பெற்ற தீர்ப்பு அது. கீழ்மன்றத்தோடு கதவு மூடியிருந்தால் அந்த உரிமை மண்ணோடு மண்ணாயிருக்கும்.

(அந்த 34 ஆண்டும் அந்த மண்ணை உழுத குடியானவன் எந்தப் பக்கத்திலும் கட்சிக்காரன் அல்லன், யார் வென்றாலும் அவன் தோற்றவன்தான். அவனுக்கான தீர்ப்பு எழுத 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரவேண்டியிருந்தது. காத்தம நாச்சியாருக்குப் பின் வாரிசுகள் மறுபடி வழக்காடி, அதுவும் லண்டன் சென்று 1881-ல் முடிந்ததென்பது தனிக்கதை.)

வென்றவர்தாம் நல்லவர், தோற்றவரெல்லாம் பொய்யர் என்பதும் அன்று. இங்கிலாந்தில் ஆலை முதலாளி ஒருவர் கட்டிய நீர்த்தேக்கம் உடைந்து அடுத்தவருடைய நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. நட்டஈடு கேட்டவர் 1865-ல் தோற்று, 1866-ல் மேல்மன்றத்தில் வென்று, 1868-ல் பிரபுக்கள் சபையிலும் வென்றார். ஆபத்தான பொருளைத் தன் நிலத்தில் சேர்த்து வைப்பவன் அது தப்பிச் சென்றால் பொறுப்பாவான் என்ற விதி அப்படிப் பிறந்தது. உடனே சென்னை ரயில்வே கம்பெனி அந்த விதியைக் கையிலெடுத்துக்கொண்டது. கார்வேட்டி நகர ஜமீனில் ஏரிகள் உடைத்துக்கொண்டு தன் பாதையைச் சேதப்படுத்தின, நட்டஈடு தருக என்றது. சென்னை உயர்நீதிமன்றத்திலும் தோற்றது. 1874-ல் பிரிவி கவுன்சிலிலும் தோற்றது. ஏரி என்பது ஒருவர் தம் இலாபத்துக்காகத் தேக்கிய நீரன்று. தொன்றுதொட்டு மக்களின் பயிருக்காக நிற்பது. காக்கவேண்டியது ஜமீன்தாரின் கடமை. கவனக்குறைவு இல்லையெனில் பொறுப்பில்லை என்று முடிந்தது. கம்பெனி தோற்றாலும் அது எழுப்பிய வினா மெய்யான வினாதான். அதற்கு விடை கிடைத்ததால் நம் ஏரிகள் பிழைத்தன. முதல் மாணவன் எப்போதும் ஐந்து மதிப்பெண் பெற்றுத்தான் திரும்பவேண்டும் என்பதில்லை.

ஆனால் இந்தப் படிக்கட்டில் ஏற ஒரு விலையும் இருந்தது. பிரிவி கவுன்சிலுக்கு உரிமையோடு போக வழக்கின் மதிப்பு 10,000 ரூபாய் இருக்கவேண்டும். நாடு விடுதலை பெற்று உச்சநீதிமன்றம் வந்தபின் அது 20,000 ஆயிற்று. அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள்! 19,000 ரூபாய் நிலத்தில் நடந்த அநீதி சிறு அநீதி. 20,000 ரூபாய் நிலத்தில் நடந்தது பெரிய அநீதி! முப்பதாவது திருத்தம் இந்தக் கணக்கை ஒழித்தபோது 1973 பிறந்துவிட்டது. எழுத்தில் ஒழிந்த கணக்கு நடப்பில் ஒழிந்துவிடவில்லை என்பதைக் கோர்ட்டுக்கு ஒருமுறையேனும் பேருந்தேறிப் போனவர்க்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இரண்டாம் மாணவன் வளர்ந்து பெரியவனாகிப் பன்னாட்டுக் கம்பெனியாக ஆனால் எப்படி இருப்பான்? 1984 டிசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவில் போபாலில் நச்சுக்காற்று கிளம்பியது. நட்டஈட்டு வழக்கு முதலில் அமெரிக்காவுக்குப் போயிற்று. இங்கே விசாரிப்பதற்கில்லை என்று 1986 மே திங்களில் நியூயார்க் நீதிபதி திருப்பி அனுப்பினார். போபால் மாவட்ட நீதிபதி 1987 டிசம்பரில், வழக்கு முடியும் முன் பாதிக்கப்பட்டோர் மூச்சுவிடவாவது இடைக்கால உதவியாக 350 கோடி ரூபாய் தருக என்று ஆணையிட்டார். யூனியன் கார்பைடு மேல்முறையீட்டுக்குப் போனது. 1988 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் அதை 250 கோடியாக்கியது. அதையும் கொடுக்காமல் உச்சநீதிமன்றம் போனது. அங்கே 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்குச் சமரசமாகி எல்லாம் முடிந்தது. அந்த மன்றங்கள் ஆணையிட்ட இடைக்கால உதவியில் அந்தக் கம்பெனியிடமிருந்து ஒரு காசும் வரவில்லை. நட்டஈட்டை உயர்த்தவேண்டும் என்று அரசு 2010-ல் மறுபடி கதவைத் தட்டியது; 2023 மார்ச்சில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அதைத் தள்ளிவிட்டது. இருமல் மட்டும் இறுதித் தீர்ப்புக்குக் காத்திராமல் தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது.

அப்படியானால் இரண்டு மாணவர்களையும் எப்படித்தான் பிரித்தறிவது? மன்றத்தால் இயலாது, நெஞ்சைத் திறந்து பார்க்கும் கருவி மன்றத்திடம் இல்லை. ஆனால் முறையிடுபவன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள ஒரு கேள்வி இருக்கிறது. "நாளைக் காலையிலேயே உன் மேல்முறையீட்டைக் கேட்டு, மாலைக்குள் முடிவு சொல்லிவிடுகிறோம்" என்று மன்றம் அழைத்தால் நீ மகிழ்வாயா, நடுங்குவாயா? காத்தம நாச்சியார் மகிழ்ந்திருப்பார். சொத்து பங்காளியின் கையில் இருந்தது, காத்திருந்த ஒவ்வொரு நாளும் அவருக்கு இழப்பு. யூனியன் கார்பைடு மகிழ்ந்திருக்குமா? முதல் மாணவன் மகிழ்வான். இரண்டாம் மாணவன், "நாளைக்குப் பாருங்கள் ஐயா" என்பான்.

எங்கள் வீடு? வாய்தா நாளன்று தந்தையார் மாலையில் திரும்பும்போது கையில் காராசேவுப் பொட்டலம் இருந்தால், எங்களுக்குப் புரிந்துவிடும், வாய்தா கிடைத்துவிட்டது! வெறுங்கையோடு வந்தால் விசாரணை நடந்திருக்கிறது என்று பொருள். நாங்கள் இருவரும் குழந்தைகள். காராசேவு வேண்டும் என்று வாய்தாவுக்காக ஏங்கியிருக்கிறோம். தோழர்களே, அந்தப் பொட்டலத்தை எண்ணினால் இப்போது தொண்டையில் இறங்க மறுக்கிறது.

என் தந்தையார் கொடியவர் அல்லர். பிறர் களத்திலிருந்து ஒரு பிடி நெல்லை எடுக்காதவர். பாட்டனாரிடமிருந்து கட்சிக்காரர் என்ற இடத்தைப் பெற்றார், பெற்றபின், "இவ்வளவு செலவு செய்துவிட்டு விடுவதா?" என்ற ஒரு கேள்வியிலேயே அவர் வாழ்வு கழிந்தது. செலவு செய்த பணம் உண்மையாகிவிடாது என்பதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருக்கவேண்டும்.

இங்கே என் நண்பர் ஒருவர், வழக்கறிஞர் தொழிலில் புதிதாக நுழைந்தவர், மறுத்துரைத்தார். "நீர் பகுத்தறிவு பேசுகிறீர். தன் வழக்கில் தானே நீதிபதியாவது பகுத்தறிவா? உம் தந்தையின் நினைவு தவறாக இருக்கலாம். வேறொரு கல்லாக இருக்கலாம். முடிவை மன்றத்திடம் விடுவதுதானே அடக்கம்?" நேர்மையான வாதம். இரண்டு இரவு என்னைத் தூங்கவிடவில்லை. ஐயப்படுபவன் முறையிடலாம், முறையிடவேண்டும். ஆனால் நான் ஐயப்படுகிறேனா, ஐயத்தை வாடகைக்கு எடுத்து வைத்திருக்கிறேனா? ஆணையர் அளந்தார், இரண்டு மன்றங்கள் பார்த்தன, என் தந்தையின் வாயிலிருந்தே ஒரு சொல் தவறி வந்தது. இதற்கு மேலும் எனக்கு ஐயம் இருக்கிறதென்றால், அது 14 சென்ட் அகலமுள்ள ஐயம். அந்த நிலம் எங்கள் கையில் இல்லாமல் அவர்கள் கையில் இருந்திருந்தால் இந்த ஐயம் எனக்குத் தோன்றியிருக்குமா என்று கேட்டுப் பார்த்தேன். தோன்றியிராது.

சட்டமாவது இதைத் தடுக்கிறதா என்று புரட்டினேன். மேல்முறையீடு செய்துவிட்டதாலேயே கீழ்மன்றத் தீர்ப்பு நின்றுவிடாது, தடை கேட்பவர் பிணை தரவேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் நல்ல விதி ஒன்று இருக்கிறது. அதே சட்டத்தில் 35-ஏ என்றொரு பிரிவு. பொய் என்று தெரிந்தே வழக்காடுபவன் எதிரிக்கு ஈடு தரவேண்டும். எவ்வளவு? 3,000 ரூபாய்க்கு மேற்படாமல்! பெரிய வணிக வழக்குகளுக்கு 2015-ல் இந்த வரம்பை நீக்கினார்கள். வரப்புச் சண்டைக்கு அது அப்படியே நிற்கிறது. அந்த மூவாயிரமும் மேல்முறையீட்டுக்குப் பொருந்தாது என்று அந்தப் பிரிவே சொல்கிறது. கீழ்மன்றத்தில் தெரிந்தே பொய் சொன்னால் மூவாயிரம். அதே பொய்யைப் படியேற்றிக் கொண்டுபோனால் அதுவும் இல்லை! விக்டோரியா காலத்துப் பிரிவி கவுன்சிலே 1872-ல், இந்நாட்டு வழக்காளிக்குத் தீர்ப்புப் பெற்றபின்தான் தொல்லையே தொடங்குகிறது என்று வருந்தியது. நூற்றைம்பது ஆண்டு கடந்தும் பெரியம்மா 2001-ல் பெற்ற தீர்ப்பின் நகலை அரிசிப் பானைக்கு மேலே உறியில் வைத்துக் காத்துக்கொண்டிருக்கிறார்.

கடிதம் வந்த செய்தி தெரிந்து தாய்மாமன் வந்தார். "அப்பா விட்டுப்போன வழக்கு, தம்பி. மகன் நடத்தாவிட்டால் அவர் ஆன்மா சாந்தியடையுமா?" என்றார். திதி கொடுக்கமாட்டேன், பிண்டம் வைக்கமாட்டேன் என்று நான் சொன்னபோது முணுமுணுத்தாலும் விட்டுவிட்டவர் அவர். இப்போது அந்தத் திதியே வக்காலத்து உருவில் வந்து நிற்கிறது! எள்ளும் தண்ணீரும் இறைத்தால் இறந்தவர்க்குப் போய்ச் சேராது என்று மேடையில் பேசுகிறோம். இறந்தவர்க்காக ஒரு மூதாட்டியின் நிலத்தை இறைத்துக்கொண்டிருந்தால் அது மட்டும் போய்ச் சேருமா? மாமன் மேலும் சொன்னார்: "நீ ஒருவன் கையெழுத்துப் போட்டால் போதும், பெண்பிள்ளையைத் தொந்தரவு செய்யவேண்டாம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாரிசு நான் ஒருவன் அல்லனே! அம்மா இருக்கிறார்; தங்கை இருக்கிறாள். பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929-ல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அறுபதாண்டு கழித்து 1989-ல் கலைஞர் ஆட்சி அதைச் சட்டமாக்கியது. மேடையில் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். ஆனால் வழக்கறிஞரின் கடிதம் வந்து இருபது நாளாகியும் தங்கைக்கு ஒரு சொல் எழுதவில்லை. சொத்தில் பங்கு உண்டென்றால், பிழையிலும் பங்கு உண்டு. அதைத் திருத்தும் முடிவிலும் பங்கு உண்டு. என் மனச்சான்றை மட்டும் கழுவிக்கொண்டு அவர்களைக் கேளாமல் நிலத்தை விட்டுக்கொடுப்பதும் ஆண்பிள்ளை அதிகாரந்தான்.

அன்றிரவே தங்கையோடு தொலைபேசியில் பேசினேன். பூவரச மரத்துக் கல்லைச் சொன்னேன். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அண்ணா, எனக்கும் அப்பா சொல்லியிருக்கிறார்" என்றாள். அதற்கு மேல் நாங்கள் இருவரும் வாதிட எதுவும் இருக்கவில்லை. அம்மாதான் ஒப்பவில்லை. வளையல் போனதை நினைத்து அழுதார். "போன வளையல் அந்த நிலத்தில் விளையுமா, அம்மா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. மறுநாள் காலையில் அவரே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பெரியம்மா வீட்டுப் பக்கம் நடந்ததைக் கண்டேன். அங்கே என்ன பேசினார்கள் என்று இதுவரை சொல்லவில்லை. திரும்பி வந்தவர் கையில் ஒரு படி மொச்சை இருந்தது.

90 நாளில் இன்னும் 31 நாள் பாக்கி. வக்காலத்து மேசை அறையிலேயே இருக்கிறது. 18,000 ரூபாய் நட்டஈடு, வழக்குத் தொடுத்த நாள் முதல் ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டியோடு, 50,000 ரூபாயைச் சற்றுத் தாண்டுகிறது. கணக்கைத் தங்கையும் போட்டுச் சரிபார்த்துவிட்டாள். 14 சென்ட்டில் இத்தனை ஆண்டு நாங்கள் எடுத்த விளைச்சலுக்கும் ஒரு கணக்கு உண்டு. அதை இன்னும் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்வேயர் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். பணத்தை மூன்று தவணையாக வாங்கிக்கொள்ள இயலுமா என்று அன்றைக்குப் பெரியம்மாவைக் கேட்கவேண்டும்.